காஷ்மீருக்குப் போன கெலமங்கலம்

ஜெபசீலிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். பெங்களூரில் இன்டர்மீடியட் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்தி, கெலமங்கலத்து மளிகைக்கடை அற்புதராஜுக்குக் கட்டிவைத்தார்கள். புளி நிறுத்தாள், மிளகாய் காயவைத்தாள். படிப்பு விட்டுப்போன ஆற்றாமை மட்டும் தீரவே இல்லை.

ஐம்பத்திரண்டில் ஓசூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, பொட்டலம் மடிக்க ஆகுமென்று அற்புதராஜ் பழைய காகிதத்தை மூட்டையாக வாங்கிவந்தான். அதற்குள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். கல்லூரிப் பிள்ளைகளுக்கான வானசாஸ்திரம். நட்சத்திரக் கதையெல்லாம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் கோணமும் சைனும் டேன்ஜென்ட்டும்தான். ஜெபசீலி அதை விடவில்லை. நாலாம் அத்தியாயம் வருவதற்குள் பலமுறை சோறு அடிப்பிடித்தது.

அற்புதராஜ் பொறுத்துப் பார்த்தான். "நம்ம ஊரு எங்க இருக்குதுன்னு அந்த புஸ்தகம் சொல்லட்டும். சரியா சொல்லிட்டா உன்னுது. இல்லைன்னா சந்தையன்னிக்குக் கிழிச்சு வெல்லம் மடிச்சிடுவேன்" என்றான். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் விடையையும் பார்த்துவைத்துக்கொண்டான்: அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி.

ஜூன் மாதம். உச்சிப்பொழுதில் வாசலில் நட்ட குச்சியின் நிழலை ஜெபசீலி அளந்தாள். சூரியன் தலையுச்சியிலிருந்து பத்தேமுக்கால் டிகிரி விலகியிருந்தது. புத்தகத்து அட்டவணைப்படி, பூமத்திய ரேகைக்கு வடக்கே அது அன்றைக்கு இருபத்து மூன்றேகால் டிகிரி. இரண்டையும் கூட்டு என்றது புத்தகம். கூட்டினாள். முப்பத்து நாலு வந்தது.

வரைபடத்தில் முப்பத்து நாலில் இருந்தது காஷ்மீர்.

அற்புதராஜுக்குக் கொண்டாட்டம். "எங்க வூட்டுக்காரி ஊரையே காஷ்மீருக்குக் கூட்டிக்கினு போயிட்டா!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எண்ணெய் வாங்க வந்த ரங்கம்மாகூட, "அக்கா, குளிருக்குக் கம்பளி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஜெபசீலிக்கு அழுகை முட்டியது. திரும்பத் திரும்பப் போட்டாலும் கணக்கு அதேதான்.

சந்தைக்கு முந்தின நாள் நடுப்பகலில் மறுபடி குச்சியிடம் போனாள். நிழல் தெற்கே விழுந்திருந்தது. அப்படியானால் சூரியன் வடக்கே, ஓசூர்ப் பக்கம்! புத்தகம் எழுதினவர் இங்கிலாந்துக்காரர், அவர் ஊரில் மத்தியானச் சூரியன் என்றைக்கும் தெற்கேதான் நிற்கும். இங்கே ஜூனில் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். இருபத்து மூன்றேகாலில் பத்தேமுக்கால் போனால் பன்னிரண்டரை. சந்தோஷத்தில் கடைக்கு ஓடினாள். உள்ளே புருஷன் யாரிடமோ காஷ்மீர்க் கதையை அளந்துகொண்டிருந்தான். சந்தை வரைக்கும் இருக்கட்டும் என்று சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

சந்தையன்று உச்சிப்பொழுதில் கடைமுன் கூட்டம். அற்புதராஜ் கேலிக்காக ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புத்தகத்தின் முதல் தாளில் கைவைத்தான். ஜெபசீலி ஸ்லேட்டோடு வந்து உட்கார்ந்தாள். அங்கேயே ஒரு குச்சியை நட்டு, தெற்கே விழுந்த நிழலை எல்லாருக்கும் காட்டினாள், விஷயத்தைச் சொன்னாள்.

"கணக்கை இப்போ முதல்ல இருந்து போடறேன். அது முடியற வரைக்கும் நாம காஷ்மீர்லதான் இருக்கோம். கம்பளியை எடுக்காதீங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது.

ஒவ்வொரு எண்ணாக, அழித்து அழித்து எழுதினாள். அற்புதராஜுக்குத் தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. புத்தகத்தை அவள் மடியில் வைத்தான்.

"உன்னுதுதான், ஒத்துக்கறேன். கம்பளியை எடுத்துடட்டுமா?"

"இருங்க," என்றாள் ஜெபசீலி, தலை நிமிராமல். "இப்பதான் டில்லிகிட்ட வந்திருக்கோம்."