ஸ்டிக்கர் ஒட்டி நம்பரை மறைத்த வளர்மதி

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு வளர்மதியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு எடுத்து, "என்னம்மா, இன்னைக்கு வர லேட்டாகுமா?" என்றேன். பேசியது அவளுடைய வீட்டுக்காரர் ரவி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், உரக்கப் பேசியே பழகியவர். அன்று அவருக்குக் குரலே எழும்பவில்லை. "அண்ணே, மதி எறந்துட்டாண்ணே. தண்ணிக் குடத்தத் தூக்குனா, அப்பிடியே உக்காந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். வாய் கொப்பளிக்கக்கூடத் தோன்றாமல் எவ்வளவு நேரம் குழாயடியில் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயது அவளுக்கு.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அவளை முகமாகத் தெரிந்திருக்காது, முதுகாகத்தான் தெரிந்திருக்கும். சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில், கொண்டையில் ஒரு ஸ்குரூடிரைவரைச் செருகிக்கொண்டு, பிரித்துப் போட்ட கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தே இருப்பாள். நீங்கள் பேசியதெல்லாம் என்னோடு. உங்கள் மெஷின் ஓடியதெல்லாம் அவளால். கடைக்குப் பேர் வாங்கித் தந்தது என் வாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

பதினொரு வருடங்களுக்கு முன், டைப் அடிக்க ஆள் தேவை என்று கதவில் எழுதிப் போட்டிருந்தேன். ஆலங்குடியிலிருந்து அவள் வந்தாள். டைப் அடித்துக் காட்டச் சொல்லி உட்கார வைத்த கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டது. எனக்கு ஒரே வெட்கம். டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடியைக் கழற்றி, உள்ளிருந்த தூசியைத் தட்டி, மெஷினை ஓட வைத்திருந்தாள். "டைப் அடிக்கவாண்ணே, இல்ல இதயே பாக்கட்டா?" என்று கேட்டாள். அன்றைக்கு வாங்கிய டீயை அவள் குடிக்கவே இல்லை. சூடு ஆறிய டீயை அவள் கடைசிவரை தொட்டதில்லை.

எங்களுக்குள் சண்டை வராத மாதமே கிடையாது. நான் விற்கிறவன், அவள் பிரித்துப் பார்க்கிறவள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம், திரையில் படத்தை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு இன்னொன்று போட்டால் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்று நான் அரை மணி நேரம் பேசி அவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தேன். சுவரைப் பார்த்தபடியே, "ரெண்டு மாட்டுனா ரெண்டு மடங்கு வராதுங்க. ஒங்க வேலைக்கு மெமரி போட்டாலே போதும்" என்றாள். வியாபாரம் போயிற்று. நாள் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மீமிசலில் மீன் ஏலம் விடும் ஒருவர் ஒருமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தார். அதில் கிராபிக்ஸ் இரண்டு உண்டு. சாதாரண வேலைக்குச் சின்னது, விளையாட்டுக்குப் பெரியது. "ரெண்டு எஞ்சின் இருக்குன்னுதான வாங்குனேன், வெளாட்டு கட்டுமரம் மாதிரி நகருது" என்றார். கடையில் போட்டால் பறந்தது. நான் குழம்பி நின்றேன். வளர்மதி மெஷினைத் தொடாமல், "எங்க ஒக்காந்து வெளாடுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஏலம் முடிந்ததும் அந்தக் கொட்டகையிலேயே, பெட்டி மேல் வைத்து என்றார். "அங்கிட்டு பிளக் இருக்கா?" இல்லை. "சார்ஜர் இல்லாட்டி பெருசு தூங்கிரும், சின்னதுதான் இழுக்கும். வீட்டுக்குப் போயி சார்ஜரச் சொருகி வெளாடுங்க." அடுத்த வாரம் ஒரு பை நிறைய நண்டு வந்தது. எனக்கும் பாதி கொடுத்தாள், நான் முழித்ததற்குக் கூலி என்று சொல்லிக்கொண்டே.

கீரமங்கலத்துச் சின்னையாவைப் பற்றி இங்கே எழுதாமல் முடியாது. இருபது வருடம் குவைத்தில் கிரேன் ஓட்டி, முதுகு கெட்டு ஊர் திரும்பியவர். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மதியத்தில், அவரோடு ஒரே அறையில் இருந்த நான்கு பேர் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக லாரி ஓட்டும் விளையாட்டில் ஒருவர் பின் ஒருவராக ஓட்டிப்போவார்கள். காதில் மைக் மாட்டிக்கொண்டு பேச்சு, கிண்டல், சமையல் விசாரிப்பு. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அந்த மனிதர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். கூட்டாளிகளில் ஒருவர் ஊருக்கு வந்தபோது பழைய கார்டு இரண்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக மாட்டியதிலிருந்து தொல்லை. "ரெண்டு கார்டு போட்டும் வண்டி விக்குதுங்க. வளைவுல விக்கி விக்கிப் போகுது. பின்னாடி வாரவன் வந்து இடிச்சிர்றான்" என்றார்.

முதல் தடவை கார்டை இயக்கும் டிரைவர் சாப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் நம்பர் தொண்ணூறு என்றது. அறுபது இருந்தாலே தாராளம். அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை, இரண்டு கார்டையும் இணைக்கும் துண்டை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். மறுபடியும் தொண்ணூறு. மூன்றாம் தடவை அவர் தன் ஸ்டீயரிங் வீலையும் கையோடு கொண்டுவந்து நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "நம்பரெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. ஒங்களுக்குத்தான் அப்பிடித் தோணுது" என்றேன். கண் டாக்டரைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிண்ணே, வித்துருங்க. இனிமே வெளாடல" என்று சொல்லிவிட்டு வீலின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

வளர்மதி எழுந்து வந்தாள். விலை எழுதும் ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, திரையின் மூலையில் அந்த நம்பர் மேல் ஒட்டினாள். "நீங்க ஓட்டுங்க, நான் பாக்குறேன்" என்று அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் அவருடைய கைகளையே பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, ஒவ்வொரு வளைவுக்கும் இவரு ரெண்டு தடவ திருப்புறாரு. திருப்பிட்டு, மறுபடி சரி பண்றாரு. இருபது வருசம் கிரேன் ஓட்டுன கை அப்பிடித் தடுமாறாது" என்றாள்.

ஒரு கார்டைக் கழற்றினாள். மீதி இருந்ததை வைத்து ஓட்டச் சொன்னாள். பிறகு அதைக் கழற்றி மற்றதை மாட்டினாள். இரண்டிலும் கோளாறு இல்லை, தனித்தனியாக இரண்டும் நன்றாகவே ஓடின. சின்னையா ஒரு வளைவைச் சுற்றி, அடுத்த வளைவைச் சுற்றி, மூன்றாவதில் வாய்விட்டுச் சிரித்தார். "இப்பத்தாம்மா வண்டி ஓடுது!" நான் ஸ்டிக்கரைத் தூக்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. "கொறஞ்சிருச்சேம்மா" என்றேன்.

"கொறயத்தான் செய்யும். ரெண்டு சித்தாளு மாத்தி மாத்தி கல்லு எடுத்துக் குடுக்குறாங்கன்னு வைங்க. ஒருத்தி சட்டுனு குடுக்குறா, இன்னொருத்தி நின்னு குடுக்குறா. சாயங்காலம் எண்ணிப் பாத்தா கல்லு நெறயத்தான் இருக்கும். வாங்கி வைக்கிற கொத்தனாருக்குல்ல தெரியும், கை எப்பிடித் திண்டாடுச்சுன்னு. இந்த நம்பரு எண்ணிக்கைய மட்டுந்தாண்ணே காட்டும். ஒக்காந்து ஓட்டுறவருகிட்டயும் கேக்கணும்ல?"

கழற்றிய கார்டைச் சின்னையா எங்களிடமே விட்டுப் போனார். அதன்பிறகு எந்த மெஷின் வந்தாலும் அவள் சோதிக்கிற திரையின் மூலையில் ஸ்டிக்கர் இருந்தது. வந்தவரை உட்கார வைத்து, ஓட்டச் சொல்லி, "ஒங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். டாக்டரம்மா வந்துவிட்டார், நாக்கை நீட்டுங்கள் என்பேன். சிரிப்பாள்.

இனி எழுதுவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

போன மாதம் படியேறி வந்தவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நெஞ்சுக்குள்ள ஏதோ இறுக்குதுண்ணே. ஏறுனா வருது, ஒக்காந்தா போயிருது" என்றாள். போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். ரத்தம், சர்க்கரை, ஈசிஜி, எல்லாத் தாளையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். எங்கும் குறை இல்லை. இருந்தாலும் நடக்க வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, தஞ்சாவூருக்குப் போய் அதையும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "திங்கக்கெழம லீவு எடுத்துக்கட்டாண்ணே? இன்னமும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று கேட்டாள்.

அந்த வாரம் ஒரு கல்லூரியிலிருந்து நாற்பது லேப்டாப் பழுது பார்க்க வந்து கடையில் அடுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பதாக நான் வாய் விட்டிருந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். "எல்லாம் சரியாத்தான இருக்கு. ஒனக்கா ஏதோ தோணுது. இந்த வேல முடியட்டும், அடுத்த வாரம் போ" என்றேன். சின்னையாவிடம் சொன்ன அதே வார்த்தைகள். சொல்லும்போது எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதல் லேப்டாப்பைத் திறந்தாள். புதன்கிழமை சாயங்காலம் முப்பத்தொன்றை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில்தான் ரவியின் அந்தப் போன் வந்தது.

காரியத்தன்று பந்தலில் சின்னையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பை நிறைய மல்லிகை. "முன்னாடியே ஏதும் சொல்லுச்சாண்ணே?" என்று கேட்டார். எதிரில் ரவி இருந்தார். பொய் சொல்ல வாய் வந்தது. வாழ்க்கை முழுக்கச் சமாளித்துப் பேசியே பிழைத்த வாய் இது. அன்றைக்கு என்னால் முடியவில்லை. "சொல்லுச்சு. லீவு கேட்டுச்சு. நாந்தான் போக விடல" என்றேன். ரவி என்னை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெரியும்ணே. அன்னைக்கே சொன்னா. நான்தான் போயிருவோம்னேன். அவதான், அண்ணன் ரிப்போர்ட்டப் பாத்துருச்சு, ஒண்ணுமில்லனு சொல்லிருச்சு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னா."

என்னுடைய எந்த வார்த்தையையும் சோதிக்காமல் விட்டதில்லை அவள். சோதிக்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

மீதி ஒன்பது லேப்டாப்பை நானே முடித்துக் கொடுத்தேன். இப்போது சுவர்ப் பக்கத்து மேஜையில் நான் உட்காருகிறேன். சின்னையா விட்டுப்போன கார்டு இழுப்பறையில் இருக்கிறது. அவளுடைய ஸ்குரூடிரைவரை ரவியிடம் கொடுத்துவிட்டேன். திரையின் மூலையில் அந்த ஸ்டிக்கரை உரிக்கவில்லை, உரிக்கவும் மாட்டேன். இனி நீங்கள் கடைக்கு வந்தால், உங்களை உட்கார வைத்து, "ஒங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். பதில் வரும்வரை காத்திருப்பேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். அவளிடம் மட்டும் அதை நான் கேட்கவில்லை.