காரணம் எழுதாத கடிதம்

என் அலுமாரியில் ஒரு கறுப்பு ஃபைல் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அகதி அட்டை, விசா எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடியபோதும் நாங்கள் கைவிடாதது காகிதத்தைத்தான். ஒரு தாள் கிடைத்தால் போதும், கசங்காமல் உறைக்குள் போய்விடும். வந்து சேர்ந்த நாட்டில், ஈஸ்ட் டாமாக்கி என்ற இடத்தில் ஒரு வேர்ஹவுஸில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், பத்திரப்படுத்தினேன், வாசிக்கவில்லை. சுத்த மடைத்தனம்.

அங்கே என் பக்கத்தில் நின்று பெட்டி கட்டியவள் மதுரைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். தமிழில் கதைத்துக்கொண்டே வேலை செய்வோம். மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து, உங்கள் பாஷை இங்கே வேண்டாம், மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார். அடுத்த மேசையில் தென்னாப்பிரிக்க வெள்ளையர் இரண்டு பேர் தங்கள் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் சட்டம் வேறா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது.

பத்தாவது வாரம் மேற்பார்வையாளர் ஒரு கடிதம் தந்தார். வேலை முடிந்தது. ஏன் என்று கேட்டேன். சொல்லத் தேவையில்லை என்றார். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால், ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது தொண்ணூறு நாள் சோதனைக் காலம். முன்பு சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் இருந்த விதியை இப்போது எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குள் அனுப்பினால் காரணம் எழுதித் தரவேண்டியதில்லை.

இலவச ஆலோசனை தரும் வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். இனத்தைப் பார்த்து நீக்குவது இன்றும் சட்டவிரோதம்தான், ஆனால் அதை நான்தான் காட்டவேண்டும். அதாவது சட்டம் இருக்கிறது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் எழுதாத காரணத்தை நானே எழுதினேன்: நாள், நேரம், சொன்ன சொல். சாட்சி அந்த மதுரைக்காரி ஒருத்திதான். அவளுடைய விசாவோ அதே கம்பெனியின் கையில். கேட்கவே வாய் கூசியது. ஆனாலும் கேட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பாபடோயிட்டோயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள்.

"உமக்குப் பயமெண்டால் விடும். நான் கோவிக்கமாட்டன்" என்றேன்.

"பயமாத்தான் இருக்குக்கா. குடுங்க அதை."

நான் எழுதிய மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள். தேநீர் ஆறிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு நேரமோ?"

"உங்கள மாதிரி படிக்காம கையெழுத்துப் போடுற ஆளு நான் இல்ல. இதுல ஒண்ணு விட்டுட்டீங்க."

"என்னது?"

"நீங்க போன மறுநாள் சூப்பர்வைசர் எங்கிட்ட வந்து, இனி இங்க உங்க பேச்சு கேக்காது, நிம்மதின்னாரு."

அதைத் தன் கையாலேயே அடியில் எழுதினாள். பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை நான் உறைக்குள் வைக்கவில்லை. திங்கள் காலை முதல் பஸ்ஸிலேயே கொண்டுபோய் வழக்கறிஞர் அம்மாவிடம் கொடுத்தேன்.