காதில் தண்ணீரோடு அமெரிக்காவுக்குப் பாடியது

காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை வண்டி ஏறினோம். நான், ரோஸ்லின், மேபல். மூவரும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். அறுபதுகளின் நடுவில், ஆனி மாதத்துச் சனிக்கிழமை அது. துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் வெள்ளைக்காரனுக்குப் பாடிக்காட்டப் போகிறார்கள் என்று எங்கள் சர்ச் சபையில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்காகவே இருப்பதில் பளிச்சென்ற சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டோம்.

அந்தச் சர்ச்சின் பாட்டுக்குழுவான கொயரில் மூன்று குரலாகப் பிரிந்து பாடிப் பழகியவர்கள் நாங்கள். அதே முறையில் நானே எழுதிய காதல் பாட்டுகளைக் கல்யாண வரவேற்புகளில் பாடி வந்தோம். அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர் சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்திருக்கிறார், பிடித்துப்போனால் மூவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய் மேடையேற்றுவார் என்று, எங்கள் பாட்டை ஒரு கல்யாணத்தில் கேட்டவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அமெரிக்கத் துரை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

எட்டே முக்காலுக்குத் தென்காசி. நாற்பத்தைந்து மைல் வந்தாயிற்று. இறங்கும்போதே சாரல். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல், பஸ்ஸுக்குப் பதினைந்து பைசா. ஒன்பதரைக்குப் பேரருவி முன்னால் நின்றோம்.

இனி நடந்ததற்கு எங்களைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சீசனில் குற்றாலத்துக்கு வந்துவிட்டு அருவியில் தலை கொடுக்காமல் திரும்ப எங்கள் ஜில்லாவில் எவளுக்கு மனசு வரும்? நல்ல சேலையை மாற்றிவைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் புகுந்து முக்கால் மணி நேரம் நின்றோம். தலையில் உலக்கை விழுவது மாதிரி விழுந்தது தண்ணீர். பக்கத்தில் இருந்தவளிடம் பேசக்கூடக் கத்த வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு ஈரத்தலையோடு பங்களா வராந்தாவில் நின்று பாடினோம். மூவருக்கும் காதுக்குள் தண்ணீர். ஒருத்தி குரல் ஒருத்திக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் ஒவ்வொருத்தியும் இன்னும் உரக்கக் கத்தினோம். துரை டேப் ரெக்கார்டரில் போட்டுக் காட்டியபோது சந்தைக்கடை இரைச்சல் வந்தது. மேபல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துரை மரியாதையாக நன்றி சொல்லி உள்ளே போய்விட்டார். இரண்டு மணிக்குக் காரில் திருவனந்தபுரம் புறப்படுகிறாராம். பங்களா காவல்காரர் மைதீன் எங்களைக் கிளம்பச் சொன்னார். ரோஸ்லின் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காதுல உள்ள தண்ணி எறங்குத வரைக்கும் நாங்க இங்கனதான் இருப்போம், அண்ணாச்சி. எறங்குனதும் இன்னொருக்கா பாடுவோம்."

"பாட வந்தவிய அருவியில போயா நிப்பிய?" என்றார் அவர். பிறகு அவரே யோசித்தார். ஆற்றில் குளித்துக் காதடைத்தால் வெயிலில் காய்ந்த கல்லில் காதை வைத்துப் படுப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். சாரல் நாளில் சுடுகல்லுக்கு எங்கே போக? மனிதர் மூன்று கூழாங்கற்களை அடுப்படியில் சுடவைத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மூன்று டீச்சர்கள் பட்டுச் சேலையோடு தரையில் சாய்ந்து கல்லில் காதை வைத்துக் கிடந்தோம். குரங்குகள்கூட வேடிக்கை பார்த்தன.

பன்னிரண்டரைக்கு எனக்குக் காது பொட்டென்று திறந்தது, மற்ற இருவருக்கும் அடுத்தடுத்து. அதற்குள் துரையும் வேடிக்கை பார்க்க வெளியே வந்திருந்தார். மறுபடி பாடினோம். இந்த முறை மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் நின்றன. அதைவிட நன்றாக நாங்கள் முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை.

துரை கை தட்டினார். ஆனால் தனக்கு வேண்டியது முதலில் பாடியதுதான் என்றார். அழகாகப் பாடும் மூன்று பெண்கள் அவர் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்களாம். மலைச்சாதிக்காரிகள் போல அந்தக் கத்தல் கத்தினால் அமெரிக்கா வாயைப் பிளக்கும், இப்போதே ஒப்பந்தம் எழுதலாம் என்றார்.

கப்பல், மேடை, இசைத்தட்டு எல்லாம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தன. எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மேபல் என்னைப் பார்த்தாள், நான் ரோஸ்லினைப் பார்த்தேன்.

"அது நாங்க பாடுனது இல்ல, காதடைப்பு பாடுனது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, ரோஸ்லின் துரையிடம் இங்கிலீஷில் இரண்டே விஷயம் சொன்னாள். வருவதென்றால் இரண்டாவது பாட்டோடுதான் வருவோம். முதல் பாட்டை எங்கள் கண் முன்னால் அழித்துவிட வேண்டும்.

அவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். என்னிடம் தனியாகவும் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். கடைசியில் தோளைக் குலுக்கிக்கொண்டு டேப்பைப் பின்னுக்கு ஓட்டி, முதல் பாட்டின் மேல் வெறும் அமைதியைப் பதிவு செய்தார். மூன்று நிமிஷம் யாரும் இருமக்கூட இல்லை. இரண்டாவது பாட்டை அவர் அழிக்கவில்லை. ஒப்பந்தமும் எழுதவில்லை. இரண்டு மணிக்குக் கார் செங்கோட்டைப் பாதையில் போயிற்று.

சாயங்கால வண்டியில் திரும்பும்போது மேபல் பாவூர்சத்திரம் வரை அழுதாள். நானும்தான். ரோஸ்லின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். துரையிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த டேப்பை அங்கே யாராவது போட்டுக் கேட்டார்களா என்பதும் தெரியாது. கேட்டிருந்தால், அவர்கள் கேட்டது எங்களைத்தான்.