எரல் ப்ரௌஸும் செப்புக் குழாயும்

எங்கள் பக்கத்து வீட்டு எரல் ப்ரௌஸ் நாற்பத்தோரு வருடம் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவர் கண்ணுக்கு ஓய்வே இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் முதலில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். என் குளியலறைக்குள் போய்த் திரும்பியதும் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே இரண்டு முறை குழாய் மாற்றியிருக்கிறேன்.

மார்ச் மாதம் எங்கள் ஊர்க் காட்டஸ்லோ கடற்கரையில் சிற்பக் கண்காட்சி வைத்தால் அவர் மனைவி நோலீன் தவறாமல் போவார். இந்த வருடம் எரலையும் இழுத்து வந்தார். துணைக்கு நான்.

மணலில் ஆளுயரக் கண்ணாடி முட்டை ஒன்று. கொஞ்சம் தள்ளி, கம்பளி நூலால் முழுக்கப் போர்த்திய படகு.

"இதை நம்ம கராஜ்ல போட்டிருந்தா குப்பைன்னு திட்டியிருப்ப," என்றார் எரல்.

"கராஜ்ல இருந்தா குப்பைதான். பேசாம நட."

தண்ணீரோரம் வந்ததும் எரல் தானாகவே பேச்சை நிறுத்தினார். அங்கே செப்புக் குழாய்கள் சங்குபோல் சுருண்டு நின்றன. மூன்று சுற்று சுற்றினார். "வளைச்சிருக்கிறது சுத்தமான வேலை," என்றார். அவர் வாயில் பாராட்டு! நோலீன் என் கையைக் கிள்ளினார். அதற்குள் எரலின் முகம் மாறிவிட்டது.

"அட, உள்ள ஒரு இணைப்பை ஒட்டாம விட்டுட்டாங்கப்பா!"

"தொடக் கூடாதுன்னு போர்டு இருக்கு, எரல்."

"யாரு தொட்டா? பாக்கத்தானே போறேன்."

பெரிய குழாயின் வாய்க்குள் தலையை விட்டார். தலை சுலபமாகப் போனது. திரும்பி வரத்தான் மாட்டேன் என்றது. காதுகள் தடுத்தன.

"நோலீன்," என்று குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "கூட்டம் சேர்க்காதே."

கூட்டம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ஒருவர் என்னைச் சற்று விலகச் சொல்லிப் படம்கூட எடுத்தார். உயிர்காப்புப் பெண் ஒருத்தி சன் க்ரீம் புட்டியோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் சிற்பத்தைச் செய்த பிரயனி, மூச்சு வாங்க.

"ஐயோ, வலிக்குதா சார்?"

"வலியை விடும்மா. உள்ள ரெண்டு விரல்கடை இடைவெளி இருக்கு. பத்த வைக்க மறந்துட்டியா?"

"மறக்கல சார். வேணும்னுதான் விட்டேன்."

"வேணும்னா? யாராவது வேணும்னு ஓட்டை விடுவாங்களா?"

அப்போதுதான் தென்மேற்கிலிருந்து மதியக் காற்று வந்தது. நாங்கள் அதை டாக்டர் என்றுதான் சொல்வோம். "டாக்டர் வந்தாச்சு!" என்று யாரோ கத்த, வெளியூர்க்காரர் ஒருவர் மருத்துவருக்கு வழி விடுவதாக நினைத்து ஒதுங்கி நின்றார். காற்று அந்த இடைவெளியில் நுழைந்ததும் குழாய்கள் எல்லாம் ஒன்றாக முனகத் தொடங்கின. தாழ்ந்த, நீண்ட சத்தம். என் காலடியில் மணல் அதிர்வதுபோல் இருந்தது. தலையே உள்ளே இருந்தவருக்கு எப்படி இருந்ததோ!

உயிர்காப்புப் பெண் அவர் காதுகளுக்கு க்ரீம் தடவி, "இப்ப தலையை இழுங்க அண்ணே," என்றாள். குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது:

"கொஞ்சம் பொறும்மா. இது முடியட்டும்."

நோலீன் என்னைப் பார்த்தார். "என் பேச்சைக்கூட இந்த மனுஷன் இவ்வளவு நேரம் கேட்டதில்ல."

காற்று ஓய்ந்ததும் தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு காதும் செக்கச்செவேல், நெற்றியெல்லாம் வெள்ளை. கூட்டம் கைதட்டியதை அவர் கவனிக்கவே இல்லை.

"நான் தண்ணி போறதுக்கே குழாய் போட்டவன்," என்றார் பிரயனியிடம். "காத்து போகும்னு யோசிச்சதே இல்ல."

பிறகு பொழுது சாயும்வரை நகரவில்லை. குனிந்து பார்த்த ஒவ்வொருவரையும் பிடித்து, "அது தப்பு இல்லீங்க, வேணும்னே விட்டது," என்று விளக்கினார். நோலீன் மூன்று முறை கூப்பிட்டு அலுத்து, காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது எரல் குரலைத் தாழ்த்தி, "இடைவெளியை ஒரு நூல் அளவு குறைச்சிருந்தா சத்தம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து வந்திருக்கும்," என்றார்.

பிரயனி இடுப்பில் கைவைத்து அந்த இணைப்பையே பார்த்தாள். "செய்யும்போது எனக்கும் அப்படித்தான் தோணுச்சு சார்."

காரை நோக்கி நடக்கையில் அவர் உதட்டைக் குவித்து, அந்தத் தாழ்ந்த சத்தத்தை ஊதிப் பார்த்துக்கொண்டே வந்தார்.