மருதாயி பக்கம் திரும்பிய கிம்பல்

குருவிட்டைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் காலையில் பால் வெட்டி, முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவர் இந்திரகுமார். சில வருடங்களுக்கு முன் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. உயிருக்கு ஆபத்தில்லை, முழுதாகப் போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால் வெட்டும்போது மரம் பொறுத்துக்கொண்டது. வீடியோ பார்த்தவர்கள் பொறுக்கவில்லை. “லொறில ஏறி நின்னா எடுத்தீங்க?” என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள்.

எஹலியகொட டவுனில் மஷூர் நானாவின் போன் கடைக்குப் போனார். கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பல் அங்கே கிடைக்கும்.

“நானா, இருக்கிறதுல மலிவு எது?”

“இந்தா இது. ஆனா ஒங்கட கேமராவ வச்சா தலையத் தொங்கப் போட்டுரும்.”

வைத்துப் பார்த்தார்கள். கிம்பல் கொசுவைப் போல முனகிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது. பாரம் தாங்கும் பெரியதின் விலையைக் கேட்டபின், இந்திரகுமார் அதைத் தொடாமலே நல்ல சாமான் என்றார்.

“கேமராவ விடுங்க. ஒங்கட போன் நல்லாத்தானே எடுக்குது? போனுக்குன்னு இருக்கிற கிம்பல் கைக்கு அடக்கமான விலை. நடந்து பாத்துட்டு சொல்லுங்க.”

போனை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தார். வேண்டுமென்றே பள்ளங்களில் கால் வைத்தார். திரும்பி வந்து பார்த்தால், படத்தில் எஹலியகொட ஓடத்தில் போவதுபோல் நகர்ந்தது.

“சரி நானா, இதையே குடுங்க” என்றார்.

முதல் வேலை, தோட்டத்துக் கோயிலில் சர்மிளாவின் கல்யாணம். தாலி கட்டும் நேரம் கூட்டம் நெருக்கியது. இந்திரகுமார் கிம்பலைத் தலைகளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். திரை அவருக்குத் தெரியவில்லை. நடுங்கிய விரல் ஒரு பொத்தானை அமுக்கியதும் தெரியவில்லை. அது ஒரே முகத்தைத் தேடித் தொடரும் பொத்தான். கிம்பல் மணப்பெண்ணின் அம்மா மருதாயியைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த வாரம் மருதாயி வீட்டில் வீடியோவைப் போட்டார்கள். கெட்டிமேளம் கேட்டது. திரையில் கூட்டத்துக்கு நடுவே மருதாயிதான் நின்றார்.

“தாலி எங்கண்ணே?” என்றார் மாப்பிள்ளை பிரதாப்.

“அது கொஞ்சம் இந்தப் பக்கமா நடந்துச்சு தம்பி” என்று இந்திரகுமார் டிவிக்கு வெளியே சுவரைக் காட்டினார்.

திரையில் மருதாயியின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

“என்னம்மா சொல்றீங்க?” என்றாள் சர்மிளா.

“முடிச்ச எண்ணுனேன். மூணும் ஒழுங்கா விழணும்ல?”

பிரதாப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது முடிச்சுக்குப் பிறகு, திரையில் மருதாயி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சர்மிளாவும் அன்று பார்த்திருக்கவில்லை.

“மன்னிச்சுக்கோ தங்கச்சி, அத வெட்டிடுறேன்” என்றார் இந்திரகுமார்.

“வெட்டாதீங்கண்ணே. தாலி போட்டோல இருக்கு” என்றாள் சர்மிளா.

மருதாயி அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். முழுக்கப் பார்த்தார். பிறகு எழுந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போனார்.