சார்ஜர் சேர்த்த எடை

மே 5, ஞாயிறு: 41,200
மே 11, சனி: 46,900
மே 12, ஞாயிறு: 38,500
மே 26, ஞாயிறு: 46,900
ஜூன் 8, சனி: 46,900 (திருப்பிக் கேட்டது)

என் பேத்திக்கு முதல் லேப்டாப் பார்க்க அலைந்த நாட்களும் அதற்கான தொகைகளும் இவை. பட்டியல் என்னுடையது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் சம்பந்தியைப் பற்றி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்துப் பதின்மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. அத்தனை காலமாக எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

கடைத்தெருவில் ஜிப்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒன்பதுக்கு ஆறு அடி இடம் அவருடைய கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், கூரை முழுக்கத் தொங்கும் பைகள். பதினாறு வயதில் ஒரு பை கம்பெனியில் வார் தைக்கச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் கழித்து அதை மூடியபோது, பணமில்லை என்று சொல்லி ஆளுக்கு இரண்டு மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்கள் வாசலிலேயே விற்றுவிட்டுப் போனார்கள். இவர் தள்ளுவண்டி பிடித்து, மாடிப்படிக்குக் கீழே இறக்கினார். முப்பது வருடமாக அங்கேயேதான். வாயில் எப்போதும் ஜிப்பை ஏற்றி இறக்கும் ரன்னர்கள் நாலைந்தை அடக்கியிருப்பார். அதனால் பேச்சு குறைவு.

ரசீது என்பதே அங்கே கிடையாது. பையின் கைப்பிடியில் ஒரு வண்ண நூலைக் கட்டுவார். அதே நூலில் ஒரு துண்டைக் கொண்டுவந்தவர் கையில் கொடுப்பார். ஆவணம் முடிந்தது. நான் பார்சல் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் எடை குறித்தவன். ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

"ஒரே கலர் நூலோட ரெண்டு பேர் வந்தா என்ன செய்வீங்க, சம்பந்தி?"

"மூஞ்சி வேற வேறயாத்தானே இருக்கும், சம்பந்தி?"

இன்றுவரை ஒரு பை ஆள் மாறிப் போனதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் என் வயிறு எரிந்தது நூலுக்காக அல்ல, பேத்திக்காக. நான் மகள் வீட்டில், கீழறையில் இருக்கிறேன். பேத்தியின் பஸ் மாலை 4:10க்கு வரும். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அவள் வீட்டுக்குள் நுழைவது 4:55க்கு. நடுவே நாற்பது நிமிடம் ஜிப்காரர் கடையில். வந்ததும் என் அறை வாசலில் "தாத்தா" என்று ஒரு சொல். அப்புறம் மாடிப்படியில் காலடிச் சத்தம். ஆறு மாதக் குறிப்பு என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் அவள் ஆறாம் வகுப்பு சேரும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மாணவர் ஒவ்வொருவரும் லேப்டாப் கொண்டுவர வேண்டும். எடை, சார்ஜர் சேர்க்காமல் ஒன்றரைக் கிலோவுக்குள். 'எடை' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதில் ஜிப் தைப்பவருக்கு என்ன வேலை?

மூன்று கடைகளில் பதினொரு லேப்டாப் பார்த்தேன். விலை, பேட்டரி, திரை, விசைகளின் இடைவெளி என்று பதினான்கு கட்டங்கள் போட்டேன். பெட்டியில் அச்சடித்த எடையை நம்பாமல் சொந்தத் தராசை எடுத்துப்போய் நிறுத்தேன். விற்கும் பெண் கேட்டாள்: "சார், நீங்க வாங்க வந்திருக்கீங்களா, எடைக்குப் போட வந்திருக்கீங்களா?"

மே 11 அன்று என் தேர்வு முடிந்தது. மெல்லியது, சார்ஜர் இல்லாமல் 1.12 கிலோ. மறுநாள் மகள் சம்பந்தியையும் கடைக்கு அழைத்து வந்தாள். அவர் எந்தக் குறிப்பையும் படிக்கவில்லை. ஒவ்வொன்றாக மூடியை ஒரு விரலால் திறந்தார். மூடிவிட்டு முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது போதும், முதுகு கெட்டி" என்றார்.

பேத்தி உடனே, "ஜிப் தாத்தா சொன்னதே எடுத்துக்கலாம்மா" என்றாள்.

பதினொன்றைப் பதினான்கால் பெருக்கினால் நூற்று ஐம்பத்து நான்கு. நான் எழுதிய அத்தனை பதிவுகளும் ஒரு உள்ளங்கைக்கு முன்னால் செல்லாக்காசு ஆயின.

என் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழகாகப் படி எடுத்தேன். எடைக் கட்டத்தில் என் லேப்டாப்புக்கு 1.12 என்று எழுதினேன். அவர் காட்டியதற்கு 1.60 என்று எழுதினேன். முதல் எண் சார்ஜர் இல்லாமல் நிறுத்தது. இரண்டாவது சார்ஜரோடு நிறுத்தது. சார்ஜர் இல்லாமல் அவருடையது 1.38தான், பள்ளி தாராளமாக ஏற்கும். இரண்டுமே தராசு காட்டிய எண்கள். தனித்தனியே உண்மை, அக்கம்பக்கம் வைத்தபோது பொய். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு மூட்டைக்குக்கூட நான் இப்படி எழுதியதில்லை.

மே 25 மாலை எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தாளைப் பார்த்தார். "அப்பா சொன்னது ஒண்ணு அறுபது வருதே. ஸ்கூல்ல விடமாட்டாங்களே."

சம்பந்தி தாளை வாங்கினார். அந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகனிடம், "உன் மாமனார் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் என் லேப்டாப்பை வாங்கினோம். அன்றிரவு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், சம்பந்தி அவளுடைய பையை வாங்கிப்போய் ஏதோ தைத்துக் கொடுத்தார். நான் நிறுத்துப் பார்த்தேன். 410 கிராம் கூடியிருந்தது. தடவினால், முதுகுப் பக்கத்தில் துணிக்குள்ளே ஒரு தகடு. நான் கஷ்டப்பட்டுக் குறைத்த எடையை மனிதர் தகடாக வெட்டித் திரும்ப உள்ளே வைத்திருக்கிறார்! வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 6, வியாழன் காலை, அவள் பஸ் ஏறுமுன்பும் கடைக்குப் போகிறாளா என்று பார்க்கக் கடிகாரத்தோடு போனேன். அவள் கடைக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் பையைத் தரையில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். இன்னொரு பெண் வந்து, "நகருடி" என்று இடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்தாள். இரண்டும் சிரித்துச் சிரித்துக் குதித்தன. உள்ளே என் 1.12 கிலோ இருந்தது.

என் பதினான்கு கட்டங்களில் இது இல்லை. அவள் எதன்மேல் உட்காருவாள் என்பதை எனக்கு எழுதத் தோன்றவில்லை, தெரியவும் தெரியாது. எதிரே சம்பந்தி ஷட்டரைத் தூக்கிக்கொண்டே அவர்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வருடக் கணக்காகப் பார்த்த காட்சி.

பஸ் போனபின் சாலையைக் கடந்தேன். ஸ்டூலைத் துடைத்து நகர்த்தினார். உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, அந்த ஒண்ணு அறுபது..."

வாயிலிருந்த ரன்னர்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "சார்ஜரோட."

"தெரியுமா?"

"கையில தூக்கினேனே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"பை தானாக் கிழிஞ்சுதுன்னுதான் எல்லாரும் கொண்டுவர்றாங்க. எப்படிக் கிழிஞ்சுதுன்னு நான் கேட்டதில்லை. தைச்சுக் கொடுப்பேன்."

"தகடு தாங்குமா?"

"ஒருத்தி உக்காந்தா தாங்கும். ரெண்டு பேர்னா..." ரன்னர்களை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். "நீங்க விட்ட வழி."

எழுந்து வந்தேன். நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனால், அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே மனிதர் பொறுத்துக்கொண்டுவிட்டார். அதிலும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் வழியெல்லாம் புகைந்தேன்.

வாங்கிய பதினான்கு நாளுக்குள் மாற்றலாம் என்று பில்லில் இருந்தது. ஜூன் 8 அன்று மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மாற்ற வேண்டும் என்று மட்டும்தான் மகளிடம் சொல்லியிருந்தேன். மேலாளர் ஒரு படிவம் கொடுத்தார். அதில் திருப்பித் தருவதற்கு ஒன்பது காரணங்கள் அச்சாகியிருந்தன. என்னுடையது அதில் இல்லை. அடியில் இருந்த வெற்றுக் கோட்டில் எழுதினேன்: "வீட்டில் தயாரித்த ஒப்பீட்டில் எடை தவறாகப் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்தவர்: நான். வேண்டுமென்றே."

மகள் எட்டிப் படித்தாள். "என்னப்பா இது?"

விளக்கினேன். பேத்திதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"அப்போ ஜிப் தாத்தாவுக்கு வேணும்னே மார்க் கம்மியாப் போட்டீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ தினம் அங்கே நாப்பது நிமிஷம் உக்காந்திருக்கே."

"நாப்பதா? யாரு எண்ணினா?" கேட்டுவிட்டு அவளே பதிலைக் கண்டுபிடித்தாள். "ஐயோ தாத்தா! அங்க உக்கார ஸ்டூல் இருக்கு. உங்க ரூம்ல எந்த நாற்காலியில உக்கார்றது? எல்லாத்துலயும் நோட்டுதான் உக்காந்திருக்கு."

மேலாளர் இருமலுக்குப் பின்னால் சிரிப்பை மறைத்தார். லேப்டாப்பையும் படிவத்தையும் வாங்கிக்கொண்டு, தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும் என்றார்.

அதுவரை பேத்தி பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் வரிசையில் நின்றாள். மதிய இடைவேளை முழுவதும் அதிலேயே போனது.

ஜூன் 19 அன்று தலைமை அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. எடையைத் தவறாகச் சொன்னது எங்கள் ஊழியரா, பெட்டியில் அச்சடித்ததா? இரண்டில் ஒன்று என்றால் பிடித்தமின்றி உடனே மாற்றித் தருகிறோம். உறுதி செய்யவும்.

"ஆமான்னு எழுதிடுங்களேன்ப்பா. புள்ள நின்னுக்கிட்டே டைப் பண்ணுது" என்றாள் மகள்.

அந்த விற்கும் பெண்ணை நினைத்துக்கொண்டேன். மறுநாளே பதில் போட்டேன்: "இல்லை. ஊழியர் சொன்னதும் பெட்டியில் உள்ளதும் சரி. பிழை என்னுடையது." பேத்தியிடம் சொன்னபோது உதட்டைப் பிதுக்கினாள். நான்கு நாள் வாசலில் அந்த ஒரு சொல்லும் இல்லை.

அந்த நான்கு நாளில் ஜன்னலோர நாற்காலியில் இருந்த ஏழு வருட நோட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஐந்தாம் நாள் மாலை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு நிமிடம். கடையில் இருந்தது இருபத்தெட்டு நிமிடம். எண்ணுவதை நான் இன்னும் விடவில்லை.

ஒன்பது நாள் கழித்து, அவள் அந்த நாற்காலியில் இருந்தபோது கூரியர் வந்தது. எழுந்து ஓடி அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது, ஐந்து சதவீதம் பிடித்தம் போக, 1.38 கிலோ லேப்டாப்பைக் கடையில் பெற்றுக்கொள்ளலாம்.

"ஜிப் தாத்தாகிட்ட நான்தான் முதல்ல சொல்வேன்" என்று செருப்பை மாட்டினாள். போகுமுன் உறையின் மேல் பென்சிலால் நேரத்தைக் குறித்து என் மேஜையில் வைத்தாள்: 4:51. என் கடிகாரத்தில் 4:53. திருத்தவில்லை.

இறுதிக் கடிதம் வந்த தேதி: ஜூலை 3, புதன்.