மூக்கரும் மூன்று மணல் பைகளும்

எங்கள் கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி உண்டு. அதைப் பராமரிப்பவரை எல்லோரும் மூக்கர் என்போம். மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. உயிர்மணல் பையை முகர்ந்த மாத்திரத்தில் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார், அதனால் வந்த பெயர்.

உயிர்மணல் என்பது ஈரத்தோடு பையில் அடைத்து வரும் கடல்மணல். மீனின் கழிவு விஷமாகாமல் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கும். கழுவாமல் அப்படியே கொட்ட வேண்டும். பை வெயிலில் கிடந்திருந்தால் உள்ளே எல்லாம் செத்து அழுகிவிடும். பார்த்தால் தெரியாது.

முந்தைய நாள் மாலை தொட்டி உடைந்தது. தரை துடைக்க வந்த புண்ணியவான் பினாயிலை ஊற்றிவிட்டான். பழைய மணல் அத்தனையும் வீண். பதினோரு வயதான மஞ்சள் மீன் மட்டும் பிழைத்து, என் வரவேற்பு மேசைக்கடியில் ஒரு வாளியில் கிடந்தது. காலையில் வாளித் தண்ணீரைச் சோதித்தபோது குப்பியில் நிறம் பச்சை. மஞ்சள் வந்தால் நலம், பச்சை என்றால் விஷம் ஏறுகிறது. பாதித் தண்ணீரை மாற்றியும் மீன் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது.

மூக்கர் புதுத் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, வந்திருந்த மூன்று பைகளில் முதலாவதை வெட்டினார். அவருடைய மூக்கு செத்து ஏழு மாதமாகிறது என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. ஒரு காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று மனிதர் மூச்சு விடவில்லை. பையை முகத்தருகே கொண்டுபோய், "அருமை, கடல் வாசம்" என்றார்.

பக்கத்து பெஞ்சில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற்றவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடச் சொல்லியிருந்தேன். எங்கள் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, மூக்கரை வைத்தே வீட்டில் ஒன்று அமைத்தவர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரே வாரத்தில் ஆறு மீன்களும் செத்தன. "சாப்பாட்டை அள்ளிப் போட்டிருப்பீங்க" என்று மூக்கர் முடித்துவிட்டார்.

"என்னப்பா இது, அழுகின முட்டை நாத்தம்?" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் திறக்காமலே.

"கடல்மணல் அப்படித்தான் இருக்கும் டீச்சர்." மூக்கர் கொட்டுவதற்குப் பையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன். குமட்டியது. "அண்ணே, நாறுது! உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். மணல் அனுப்பியவன் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்.

"தெரியலைம்மா. ஏழு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

டீச்சரம்மா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அப்ப என் வீட்டுல போட்டது?"

"அதையும் இப்படித்தான் போட்டேன் டீச்சர். நீங்க போட்ட சாப்பாட்டால இல்ல."

டீச்சரம்மாவின் மூடிய கண்ணிலிருந்து மருந்தும் நீரும் கலந்து வழிந்தன. "கண்ணு மங்கிப்போய், அளவு தெரியாம கொட்டிக் கொன்னுட்டேன்னு நினைச்சுத்தானய்யா இன்னைக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூக்கரை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் வாளியில் மீன் முழுக்கச் சாய்ந்திருந்தது.

"அடுத்த பையை வெட்டி இங்க கொண்டா" என்று டீச்சரம்மா கையை நீட்டினார். முகர்ந்தார். அவசரமே படவில்லை. "இது சரி. கொட்டு." மூன்றாவதையும் முகர்ந்துவிட்டுத் தலையசைத்தார்.

தொட்டி பால்போலக் கலங்கியது. மூக்கர் மீனை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே விட்டார். கலங்கலில் எதுவும் தெரியவில்லை. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நேரா நீந்துதா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"நீந்துது டீச்சர்" என்றார் மூக்கர்.

"உன்னைக் கேக்கலை. பாப்பா, நீ பாத்துச் சொல்லு."